மேல் கோர்ட்டில் வழக்கு நடப்பது எனக்கும் தெரிய வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. மனைவிக்குக் கிடைத்த பாதுகாப்பு ஆணையை மீறித் தண்டனை பெற்ற ஒருவர், அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு (கீழ் கோர்ட்டில் நடந்தது சரிதானா என்று பார்க்கச் சொல்லும் மனு) போட்டிருக்கிறார், தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று இருந்தது. அது என் வழக்கு இல்லை. அந்தப் பெண் யாரென்றும் எனக்குத் தெரியாது. ஆனால் படித்ததும் என் மனதில் வந்த முதல் கேள்வி, இது அவளுக்குத் தெரியுமா, இல்லை அவளும் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாளா என்பதுதான். அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறேன். இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டுக்காரர் குட்டி யானை வண்டி ஓட்டுகிறவர். பூ மார்க்கெட்டில் இருந்து விடிகாலையில் மல்லிகை மூட்டை ஏற்றிக்கொண்டு போவார். மார்க்கெட்டில் அவருக்கு நல்ல உழைப்பாளி என்று பெயர். வீட்டுக்குள் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. நடுவர் கோர்ட்டில் கூண்டில் நின்று ஒரு தடவை சொல்லிவிட்டேன், அது போதும்.

2019-ல் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலமாக, 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனுக் கொடுத்தேன். அந்த வருஷம் நவம்பரில் இடைக்கால ஆணை கிடைத்தது. என்னை அடிக்கக் கூடாது, நான் தைக்கிற இடத்துக்கு வரக் கூடாது, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போகக் கூடாது, போனிலோ ஆள் விட்டோ என்னைத் தொடர்புகொள்ளக் கூடாது. இதெல்லாம் அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் இருப்பவை. இரண்டு தாள்தான். ஆனால் அந்தத் தாள் கைக்கு வந்த ராத்திரிதான் பல வருஷத்துக்கு அப்புறம் கதவுக்குப் பின்னால் அம்மிக்கல்லை நகர்த்தி வைக்காமல் படுத்தேன்.

2020 காணும் பொங்கல் அன்று அவர் வந்தார். கதவை உதைத்துத் திறந்து, தைத்து முடித்து மடித்து வைத்திருந்த துணிகளை வாசலில் வீசினார். மிஷின் மோட்டாரைப் பிடுங்கித் தெருவில் அடித்தார். எதிர் டீக்கடைக்காரர் ஓடி வந்து தடுத்திராவிட்டால் மிச்சமும் நடந்திருக்கும். மகளிர் காவல் நிலையத்தில் அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவில் வழக்குப் போட்டார்கள். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சொல்கிற பிரிவு அது. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, கோர்ட் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. 19 நாள் ரிமாண்டில் இருந்தார். அப்புறம் கொரோனா வந்து, கோர்ட் மூடி, திறந்து, வாய்தாவுக்கு மேல் வாய்தா. நடுவில் 2021-ல் என் மூல மனுவில் இறுதி ஆணையும் வந்தது. இடைக்கால ஆணையில் இருந்ததெல்லாம் அதில் நிரந்தரமாயிற்று. மீறல் வழக்கில் தீர்ப்பு 2022 செப்டம்பரில் வந்தது. மூன்று மாதம் சிறை, ஐயாயிரம் ரூபாய் அபராதம்.

அவர் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். அது எனக்குத் தெரிந்ததே கோர்ட் வேலை பார்க்கிற ஏட்டய்யா ஒருவர் பஸ்ஸில் பார்த்துச் சொன்னதால்தான். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து கேட்டேன். 2023 ஜூன் கடைசியில் அந்த மேல்முறையீடு தள்ளுபடியானது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்கிறது. தள்ளுபடி என்றதும், இனி உள்ளே போய்விடுவார் என்று நினைத்துக்கொண்டேன். படித்தவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். வீட்டுக் காலண்டரில் பென்சிலால் நாள் குறித்தேன். மூன்று மாதத்தில் ரிமாண்டு நாள் 19-ஐக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று எண்ணி, செப்டம்பரில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டேன். அதுவரை பயமில்லை. பெரியவளை டியூஷனுக்குத் தனியாக அனுப்பினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேலும் கதவைத் திறந்து வைத்துத் தைத்தேன். முகூர்த்த சீசன், ஜாக்கெட் வேலை குவிந்து கிடந்தது.

ஆகஸ்ட் மாதம் ஒரு சாயங்காலம் சின்னவள் புத்தகப் பையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அம்மா, அப்பா பஸ் ஸ்டாப்புல நிக்கிறாரு."

அன்றைக்கு இரவு மூன்று பேரும் என் அண்ணன் வீட்டில் போய்ப் படுத்தோம். மறுநாள் காவல் நிலையத்தில் கேட்டால், அங்கே இருந்த போலீஸ் அம்மாவுக்கும் சரியாகத் தெரியவில்லை. "ஸ்டே வாங்கியிருப்பாரும்மா" என்றார். அப்புறம் பெரியவள்தான் போனில் இ-கோர்ட்ஸ் செயலியை இறக்கி, அவள் அப்பா பெயரைப் போட்டுத் தேடிக் கண்டுபிடித்தாள். ஜூலையிலேயே உயர் நீதிமன்றத்தில் குற்றவியல் சீராய்வு மனு தாக்கலாகி, தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. மனுதாரர் என்ற இடத்தில் அவர் பெயர். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் 'அரசு, காவல் ஆய்வாளர் மூலமாக' என்று இருந்தது. மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். என் பெயர் எங்கேயும் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் மேல் கோர்ட்டுக்குப் போனது தப்பு என்று நான் சொல்லவில்லை. தண்டனை வாங்கியவர் யாராக இருந்தாலும், அது சட்டப்படிதான் கொடுக்கப்பட்டதா என்று மேலே இருப்பவர்கள் ஒரு முறை பார்க்க வேண்டும். கீழ் கோர்ட்டில் தப்பு நடக்காது என்று யார் சொல்ல முடியும்? அவர் மனுவில் எடுத்துக்கொண்ட கேள்வியும் நியாயமான கேள்விதான். இடைக்கால ஆணை தன் கையில் கொடுக்கப்படவே இல்லை, வீட்டில் இருந்த தன் தாயாரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், இருக்கிறதே தெரியாத ஆணையை எப்படி மீற முடியும் என்று கேட்டார். ஒரு மனிதனுக்கு ஆணையைக் காட்டாமலே, ஆணையை மீறினாய் என்று சிறையில் போடுவது யாருக்கு நடந்தாலும் அநியாயம். என் தம்பிக்கு நடந்தாலும் நான் அதையேதான் கேட்பேன்.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. ஆணை வந்த நாலாம் நாள் அவர் வாட்ஸப்பில் எனக்கு ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தார். "கோர்ட்டு பேப்பரக் காட்டிப் பயமுறுத்துறியா" என்று அதில் அவர் குரலே சொல்கிறது. அதற்காக என் போனைக் கோர்ட்டில் ஒப்படைத்து, இரண்டு வருஷத்துக்கு மேல் பட்டன் போன் வைத்திருந்தேன். நடுவர் அதைக் கேட்டுத்தான், ஆணை இருப்பது அவருக்குத் தெரியும் என்று முடிவுக்கு வந்தார். மேல் கோர்ட்டில் அரசு வழக்கறிஞர் இதை எடுத்துச் சொன்னாரா? சொல்லியிருப்பார் என்றுதான் நம்புகிறேன். நூறு கட்டு வழக்குகளில் ஒரு கட்டு என்னுடையது. அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவருக்குக் காட்டிக்கொடுக்க நான் அங்கே இல்லை.

சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் எனக்கு ஒரு வக்கீல் அம்மா கிடைத்தார். பெண்கள் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாக வக்கீல் கேட்கலாம் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். இதுவும் பல பேருக்குத் தெரியாததால் எழுதுகிறேன். அந்த அம்மா எனக்குப் பொறுமையாக விளக்கினார். நானும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சீராய்வு என்பது வழக்கை முதலில் இருந்து மறுபடி நடத்துவது இல்லையாம். சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்ற மாட்டார்கள். கீழே நடந்தது முறைப்படி நடந்ததா, சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டார்களா, யாருமே ஏற்க முடியாத முடிவுக்கு வந்துவிட்டார்களா என்று பதிவேடுகளை வரவழைத்துப் பார்ப்பார்கள். மனுப் போட 90 நாள் அவகாசம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 397, 401 என்று இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்தில் 438, 442 ஆகிவிட்டன. எண் மாறியது, விஷயம் அப்படியேதான் இருக்கிறது.

"எனக்கு ஏம்மா நோட்டீஸ் வரல?" என்று கேட்டேன்.

அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்தால் யார் யாருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. நான் நேராக நடுவரிடம் தனிப்புகார் கொடுத்து வழக்கு நடந்திருந்தால், புகார்தாரர் என்ற முறையில் எனக்கும் நோட்டீஸ் வந்திருக்கும். நான் போலீசுக்குப் போனதால் வழக்கு அரசின் வழக்காகிவிட்டது. நோட்டீஸ் அரசுத் தரப்புக்கு மட்டும்தான். உடைந்தது என் கதவு, ஆணை என் பெயரில் இருக்கிறது, ஆனாலும் வழக்கில் நான் ஒரு சாட்சி மட்டும்தான். சீராய்வில் இன்னும் ஒரு படி மேலே. வாதாடுவது எந்தத் தரப்புக்கும் உரிமை இல்லை, நீதிமன்றம் விரும்பினால் கேட்கலாம் என்றே பழைய சட்டத்தின் 403-ஆம் பிரிவு சொல்கிறதாம்.

அதே சட்டத்தில் 401-ன் உட்பிரிவு ஒன்று, 'குற்றம் சாட்டப்பட்டவருக்கோ மற்ற நபருக்கோ' பாதகமாக உத்தரவு போடுவதாக இருந்தால், அவர் பக்கத்தைக் கேட்காமல் போடக் கூடாது என்கிறது. 'மற்ற நபர்' என்ற அந்த இரண்டு சொல்லை வக்கீல் அம்மா படித்துக் காட்டியதும், "அது நான்தானே?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அதற்கு அடுத்தாற்போல் தன்னைத் தற்காத்துக்கொள்ள என்றும் இருக்கிறதே, அது தன்மேல் பழி வந்தவருக்குச் சொன்னது என்பார்கள் என்றார். எனக்குச் சட்டம் படிக்கத் தெரியாது. ஆனால் தன்னைத் தற்காத்துக்கொள்ள வேண்டிய நிலைமை என்னைவிட யாருக்கு இருந்தது?

சரி, வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மீது கார் ஏறிய லக்கிம்பூர் கேரி வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமல் கொடுத்த ஜாமீனை ரத்து செய்த தீர்ப்பு அது. புலன்விசாரணையில் இருந்து மேல்முறையீடு, சீராய்வு முடிகிற வரைக்கும் பாதிக்கப்பட்டவருக்குப் பங்கெடுக்கும் உரிமை உண்டு என்று அதில் இருக்கிறது. சீராய்வு என்ற சொல்லே அதில் இருப்பதாக வக்கீல் அம்மா அடிக்கோடு போட்டுக் காட்டினார். ஆகவே உரிமை இருக்கிறது. ஆனால் வழக்கு நடப்பதே தெரியாதவளுக்கு அந்த உரிமையால் என்ன பிரயோஜனம்?

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இதற்கு நல்ல வழி இருக்கிறதாம். 2015-ல் திருத்தம் செய்து 15ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஜாமீன் உட்பட எந்த நீதிமன்ற நடவடிக்கையாக இருந்தாலும், பாதிக்கப்பட்டவருக்குச் சரியாக, நேரத்தோடு தகவல் சொல்ல வேண்டும் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். அதே போல ஒரு வரியைக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் சேர்த்தால் என்ன? இந்தச் சட்டத்தில் குற்றவாளி வேறு ஊர்க்காரர் இல்லை. வீட்டுச் சாவி எங்கே தொங்கும் என்று தெரிந்தவர். அவர் வெளியே இருக்கிறாரா உள்ளே இருக்கிறாரா என்று முதலில் தெரிய வேண்டியது யாருக்கு?

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

சீராய்வு எப்போது விசாரணைக்கு வரும் என்று சொல்ல முடியாது, தேதி வந்ததும் நாமும் மனுப் போட்டு நுழைந்துகொள்ளலாம் என்று வக்கீல் அம்மா சொல்லியிருந்தார். பெரியவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செயலியைத் திறந்து பார்ப்பாள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் பார்த்தாள். 2025 ஜூனில் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போனாள். புது இடம், புதுப் படிப்பு, அந்த ஒரு மாதம் பார்க்கவில்லை. ஜூலையில் வழக்கு எடுக்கப்பட்டு முடிந்துவிட்டது. பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்பா மீதான வழக்கு எங்கே இருக்கிறது என்று பதினேழு வயதுப் பெண் வாரா வாரம் தேடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிலைமைதான் எனக்கு வலிக்கிறது.

தீர்ப்பு நகலை வாங்கிப் படித்தோம். குற்றவாளி என்ற முடிவை உறுதி செய்துவிட்டார்கள். ஆணை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல், மறைக்க மாட்டேன். தண்டனையை மட்டும் ஏற்கனவே ரிமாண்டில் இருந்த நாட்களாகக் குறைத்திருந்தார்கள். சம்பவம் நடந்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதற்குப் பிறகு வேறு எதிலும் ஈடுபட்டதாக அரசுத் தரப்பில் எதுவும் சொல்லவில்லை என்று ஒரு காரணம் காட்டப்பட்டிருந்தது.

என் மிஷின் டிராயரில், புகார் வாங்கிக்கொண்டதற்குக் காவல் நிலையத்தில் கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீதுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 2024 பிப்ரவரி, இன்னொன்று அதே வருஷம் நவம்பர். ஒரு தடவை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். இன்னொரு தடவை என்னிடம் தைக்கக் கொடுத்த ஒரு அம்மா வீட்டுக்குப் போய், இனி அவளிடம் துணி கொடுக்காதே என்று சத்தம் போட்டார். இரண்டு தடவையும் எழுதிக் கொடுத்தேன், ரசீது கொடுத்தார்கள், கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார்கள். அந்த ரசீதுகள் உள்ளூர் நிலையத்தைத் தாண்டி எங்கேயும் போகவில்லை. நீதிபதி மீது எனக்கு வருத்தமே இல்லை. அவர் முன்னால் வைத்ததைத்தான் அவர் பார்க்க முடியும். வைத்திருக்க வேண்டியவள் நான், என்னை யாரும் கூப்பிடவில்லை.

கூப்பிட்டிருந்தால் நான் என்ன கேட்டிருப்பேன் தெரியுமா? சிறைக்கு அனுப்புங்கள் என்று கேட்டிருக்க மாட்டேன். அவர் உள்ளே இருந்தால் சின்னவளின் படிப்புச் செலவுக்கு மாதா மாதம் கோர்ட்டில் கட்டுகிற பணமும் நின்றுவிடும், அது எனக்கும் தெரியும். தண்டனையைக் குறைப்பதாக இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பாதுகாப்பு ஆணை அப்படியே உயிரோடு இருக்கிறது என்று ஒரே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டிருப்பேன்.

ஏனென்றால் தீர்ப்பு வந்த மறுநாளே அவர் வேன் ஸ்டாண்டில் லட்டு கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஹைகோர்ட்டே விட்டிருச்சு, இனி எவன் என்ன கேப்பான்" என்றார். காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர், நல்ல மனிதர்தான், பழைய வழக்கில் எனக்கு உதவியவர்கூட, அவரே "கேஸ்தான் முடிஞ்சு போச்சேம்மா" என்றார். ஊரிலும் அதே பேச்சு. என் சொந்த அண்ணனே, "அந்த ஆர்டர் இன்னும் செல்லுமா?" என்று கேட்டான்.

செல்லும். தண்டனை மீதான சீராய்வு வேறு, பாதுகாப்பு ஆணை வேறு. அந்த ஆணை வேண்டாம் என்று நானே மனுப் போட்டு நீக்கிக்கொள்ளும் வரை அது நடப்பில் இருக்கும் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. நிலைமை மாறிவிட்டது, மாற்றுங்கள் என்று அவர் கேட்க வேண்டுமானால், அதற்கும் நடுவரிடம் தனியாக மனுப் போட்டுக் காரணம் காட்ட வேண்டும். உயர் நீதிமன்றத்தில் தண்டனை குறைந்ததாலோ, ஏன், தண்டனையே ரத்தாகியிருந்தாலும் கூட, அந்த ஆணை தானாகச் செத்துப்போகாது. அடுத்த தடவை மீறினால் அது புதுக் குற்றம், புது வழக்கு.

அவர் வாசலில் வந்து நின்றதைப் பற்றிப் புகார் மனு எழுதிக்கொண்டு நான் நிலையத்துக்குப் போய், சான்றிட்ட நகலை மேஜையில் வைத்து, பிரிவைச் சொல்லி, வக்கீல் அம்மாவைப் போனில் பேச வைத்து, அப்புறம்தான் மனுவை வாங்கினார்கள். அதுவும் அன்றைக்கே வாங்க வைத்தேன். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று சொன்னால் பெண்கள் நம்பித் திரும்பிவிடக் கூடாது. மீறல் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள ஒரு வருஷக் கெடு இருக்கிறது. முதலில் கொடுக்கிற பாதுகாப்பு மனுவுக்கு அந்தக் கெடு கிடையாது, மீறல் வழக்குக்குத்தான் உண்டு என்பதை 2022-ல் உச்ச நீதிமன்றம், நம் தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில்தான் தெளிவுபடுத்தியது. இரண்டு நாள், இரண்டு மாதமாகி, அலைச்சலில் வருஷம் ஓடிவிடும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. 31-ஆம் பிரிவில் தண்டனை பெற்றவர் மேல்முறையீடோ சீராய்வோ போட்டால், அந்தத் தகவல் ஆணை வாங்கிய பெண்ணுக்கும் போக வேண்டும். தண்டனையை நிறுத்திவைத்தால் அன்றைக்கே போக வேண்டும். என் முகவரியை அவர் மனுவில் எழுதி அனுப்பச் சொல்லவில்லை. வீடு மாறி ஒளிந்து வாழ்கிற பெண்களுக்கு அது ஆபத்தாக முடியும். பாதுகாப்பு அலுவலருக்கோ மகளிர் காவல் நிலையத்துக்கோ அனுப்பினால் அவர்கள் எங்களிடம் சேர்த்துவிடலாம். மாவட்டத்துக்கு ஒருவர் இருந்தால் எப்படி முடியும் என்று கேட்கலாம். பாதுகாப்பு அலுவலர்களை வட்ட அளவிலும் நியமிக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. அப்படி வருகிறவர்களுக்கு இதையும் ஒரு வேலையாக எழுதிக் கொடுக்கலாம். வாய்தா தேதியை வக்கீல்கள் போனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப முடிகிறபோது, அதில் இன்னொரு எண்ணைச் சேர்க்க முடியாதா?

இப்படிச் செய்தால் வழக்கு இன்னும் இழுக்கும் என்று என் வக்கீல் அம்மாவின் சீனியர் சொன்னாராம். அந்தக் கவலை எனக்கும் புரிகிறது. இரண்டரை வருஷம் கூண்டுக்கும் பெஞ்சுக்கும் நடந்தவள் நான். ஆனால் நான் கேட்பது தகவல். வந்து பேசுவதும் பேசாததும் அந்தப் பெண்ணின் இஷ்டம். பாதிப் பேர் வரக்கூட மாட்டார்கள், பஸ்ஸுக்குக் காசும் ஒரு நாள் கூலியும் போய்விடுமே என்று. வராவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் தனியாக அனுப்பலாமா என்று அவள் முடிவு செய்ய அந்தத் தகவல் வேண்டும்.

உங்கள் செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரித் தீர்ப்புச் செய்திகளைப் போடும்போது, தண்டனை நிறுத்தம், தண்டனை குறைப்பு என்று மட்டும் போடாதீர்கள். பாதுகாப்பு ஆணை தொடர்ந்து நடப்பில் இருக்கிறதா என்று விசாரித்து, இருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள். எங்கள் ஊரில் டீக்கடையில் சத்தமாக வாசிப்பது உங்கள் நாளிதழைத்தான். அதில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் லட்டு வாங்கித் தின்ற பத்துப் பேராவது யோசித்திருப்பார்கள்.

புது மனுவில் வழக்குப் பதிவாகி, குற்றப்பத்திரிகையும் போட்டுவிட்டார்கள். அடுத்த வாய்தா வரும் வியாழக்கிழமை. எதிர் டீக்கடைக்காரர் இந்தத் தடவையும் சாட்சி சொல்ல வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சான்றிட்ட ஆணையை ஜெராக்ஸ் எடுத்து லேமினேஷன் செய்து மிஷினுக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறேன். சின்னவள் அதன் பின்பக்கம் 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் என் அண்ணன் எண்ணையும் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வழக்கு நடக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல் தொழிலாளி,
நிலக்கோட்டை வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.